ஆறு மணிக்குக் கிளம்புகிறவள்

எங்கள் அலுவலகத்தில் மாலை ஆறு மணிக்கு யாராவது பையை எடுத்துத் தோளில் மாட்டினால், "என்ன மேடம், இன்னைக்கு அரை நாள் லீவா?" என்று ஒரு குரல் வரும். கேட்பவருக்கு அது வேடிக்கை. எல்லோரும் சிரிப்பார்கள். பை மாட்டியவளும் சிரித்துவைப்பாள். அலுவலக நேரம் காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு வரை என்று நியமனக் கடிதத்தில் அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் ஆறு மணி அடித்தால் யாரும் எழுந்திருப்பதில்லை. இன்னும் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்கள்.

தஞ்சாவூர் என்றால் பெரிய கோயில், தலையாட்டி பொம்மை, நெல் வயல் என்று நினைக்கும் சென்னைத் தோழிகள் அங்கே என்ன ஆபீஸ் என்று கேட்பார்கள். மெடிக்கல் காலேஜ் ரோட்டில் மாடியில் இருக்கிறது. கீழே மருந்துக்கடை, நடுவில் டியூஷன் சென்டர், மேலே நாங்கள். அமெரிக்காவில் ஒருவர் முழங்கால் வலிக்கு மருத்துவரைப் பார்த்தால், அந்தச் செலவை இன்சூரன்ஸ் கம்பெனி தருமா தராதா என்கிற கோப்பு எங்கள் மேசைக்கும் வரும். சரிபார்த்து அனுப்புவது எங்கள் வேலை. 2024 செப்டம்பரில் அரசு இங்கே டைடல் நியோ பூங்காவைத் திறந்த பிறகு இம்மாதிரி வேலைகள் இன்னும் பெருகும் என்கிறார்கள். நான் பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அலுவலகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. பக்கத்துத் தெருவில் இருப்பதற்கும் இதே கதை பொருந்தும்.

மார்ச் மாதம் மதிப்பீட்டுப் படிவம் வரும். அதில் இரண்டு கட்டங்கள்தான் முக்கியம். எத்தனை கோப்பு முடித்தோம், எத்தனையில் தவறு என்பது ஒன்று. இன்னொன்றின் பெயர் 'கமிட்மென்ட்'. நான்கு வருடங்களுக்கு முன்பு எனக்கு முதல் கட்டத்தில் முழு மதிப்பெண்ணும் இரண்டாவதில் 'முன்னேற்றம் தேவை' என்றும் வந்தது. மேலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். "மேடம், உங்க வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா நேரம் பார்க்காம உழைக்கிறவங்கன்னு சிலர் இருக்காங்க இல்லையா, நான் அவங்களையும் பார்க்கணும்ல?" என்றார்.

நேரம் பார்க்காமல் உழைப்பவர் என்று அவர் யாரை மனதில் வைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வரிசையில் ஒரு தம்பி. இரவு ஒன்பதுக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டார். நல்ல பிள்ளை, யாருக்கு என்ன உதவி என்றாலும் ஓடி வருவார். அவர் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஆனாலும் அந்த மாதம் ஒரு நோட்டு வாங்கி, தினமும் சாயங்காலம் கிளம்பும் முன் கணினியிலுள்ள பொதுப் பட்டியலைப் பார்த்து யார் எத்தனை கோப்பு முடித்தார்கள் என்று எழுதிவந்தேன். தம்பியின் கணக்கை மறுநாள் காலையில் வந்து எழுதுவேன், இரவு ஒன்பது வரை செய்ததும் சேர வேண்டும் என்பதற்காக. அவர் பத்தேகாலுக்கு வருவார். பதினொன்றுக்குக் கீழே டீக்கடை. சாப்பிடப் போனால் இரண்டேகால் ஆகும். நாலு மணிக்கு மறுபடி டீ, கூடவே கிரிக்கெட். ஐந்து மணிக்கு மேல்தான் அவருக்குக் கை ஓடும். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன். நானும் பக்கத்து மேசைக்காரியும் அவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே முடித்திருந்தோம். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆனால் குறைவு இல்லை.

அந்த நோட்டை நான் யாரிடமும் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் மேலாளர் மறுத்திருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவர் பார்ப்பது கோப்புக் கணக்கை அல்லவே. ஒரு ஆளை எந்த நேரமும் கூப்பிடலாம், அவர் அங்கே இருப்பார் என்பது அவருக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்குத்தான் கமிட்மென்ட் என்று பெயர்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன், நேரம் பார்க்காமல் உழைக்க வேண்டுமாம் என்று. அம்மா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "நேரம் பாக்காம ஒழைக்கிறவனுக்குப் பேரு பண்ணையாளுடி. எங்கப்பா அப்படித்தான் ஒழச்சாரு. அது வேணாம்னுதானே கொடி புடிச்சாங்க" என்றாள்.

அம்மா பிறந்தது நீடாமங்கலம் பக்கம். ஊருக்குக் கிழக்கே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு. தாத்தா பண்ணையாள். விடியுமுன் வயலில் இறங்க வேண்டும், பொழுது சாய்ந்த பின்னும் மாட்டுக் கொட்டகையில் வேலை இருக்கும். தாமதித்தாலும் எதிர்த்துப் பேசினாலும் சவுக்கடி, சாணிப்பால். இதெல்லாம் கீழத்தஞ்சையில் ஒவ்வொரு தெருவிலும் கேட்கக் கிடைக்கும் கதைதான். ஆண் பண்ணையாளாக இருந்தால் அவன் மனைவியும் பெரும்பாலும் அந்தப் பண்ணைக்கே வேலை செய்தாள். கொட்டகையில் சாணி அள்ளுவது, களம் பெருக்குவது போன்றவை தனியாகக் கணக்கில் வராது. அவனுக்குக் கூலி கொடுத்தால் அவளும் சேர்த்து வந்துவிடுவாள்.

1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் இங்கே விவசாயத் தொழிலாளர் சங்கம் கட்டியபோது, சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்பது முதல் கோரிக்கைகளில் ஒன்று. மணலூர் மணியம்மையும் அந்த இயக்கத்தில் இருந்தார். பிராமண விதவை, தலைமுடியைக் கிராப் வெட்டிக்கொண்டு வேட்டி சட்டையில் வயல் வரப்புகளில் நடந்தவர். அவரைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் 'பாதையில் பதிந்த அடிகள்' என்று ஒரு நாவல் எழுதியிருக்கிறார். படிக்காதவர்கள் தேடிப் படிக்கலாம். 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழவெண்மணியில் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட 44 பேரில் மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும் அதன் பின்னணி. அப்போது அம்மாவுக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு பல நாள் இரவு தாத்தா யாரையும் கூரைக்குள் படுக்கவிடவில்லை, வரப்போரம் சாக்கை விரித்துப் படுத்தோம் என்று சொல்வாள். மறு வருடம், 1969இல், கீழத்தஞ்சைக்கு என்று விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் போட்டார்கள்.

பண்ணையாள் வாழ்க்கையும் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கும் என் வேலையும் ஒன்று என்று சொன்னால் அம்மாவே சிரிப்பாள். ஒன்று இல்லை. ஆனால் 'நேரம் பார்க்காமல்' என்பது இந்த மண்ணில் ஒரு காலத்தில் தண்டனையாக இருந்தது. நேரம் பார்க்கும் உரிமைக்காக அடி வாங்கியிருக்கிறார்கள். அதே சொல் இப்போது பாராட்டாக என் மதிப்பீட்டுப் படிவத்துக்கு வந்து சேர்ந்ததைத்தான் என்னால் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை.

அம்மா நடவாள். கல்யாணமாகித் திருவையாற்றுச் சாலைப் பக்கம் வந்த பிறகும் முப்பது வருடத்துக்கு மேல் நட்டிருக்கிறாள். நாற்று பறிப்பது ஆண்கள், நடுவது பெண்கள் என்று வேலை பிரிந்திருந்தது. நாள் முழுக்கக் குனிந்து, சேற்றில் பின்னோக்கி நகர்ந்தபடியே நட வேண்டும். அதை லேசான வேலை என்று சொல்லி ஆண் கூலியைவிடக் குறைத்தே கொடுத்தார்கள். 1976இல் சம ஊதியச் சட்டம் வந்ததெல்லாம் வயலுக்கு வரவில்லை. நாள் கூலி என்றால் குடை பிடித்துக்கொண்டு ஒருவர் வரப்பில் நிற்பார். யார் நிமிர்ந்தாலும் சத்தம் போடுவார். பிறகு ஒப்பந்த நடவு வந்தது. ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பெண்கள் இறங்குவார்கள். நட்டு முடித்தால் எந்த நேரமானாலும் கரை ஏறலாம். கூலியைச் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உட்கார்ந்திருக்கும் நேரத்தைப் பார்க்காதே, முடித்த வேலையைப் பார் என்றுதானே நான் ஆபீஸில் சண்டை போடுகிறேன், அதை இவர்கள் எப்போதோ செய்துவிட்டார்களே என்று நினைத்தேன். அம்மா அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "நாள் கூலின்னா வரப்புல நிக்கிறவன் வெரட்டுவான். ஒப்பந்தம்னா நம்மள நாமளே வெரட்டிக்குவோம். வெத்தல போட நிமிர மாட்டோம், ஒண்ணுக்குப் போக மாட்டோம். ரெண்டு மணிக்குக் கரை ஏறுனா அடுத்த வயலுக்கு ஆள் கேப்பான்."

அப்படியும் அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. மாசமாக இருப்பவளுக்கும் வயதானவளுக்கும் வரப்போர வரிசையைக் கொடுப்பார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு மற்றவர்கள் வேகத்துக்கு ஓட வேண்டியதில்லை. அவள் விட்ட இடத்தைப் பக்கத்தில் இருப்பவள் ஒரு கை சேர்த்து நட்டுவிடுவாள். பணம் பிரிக்கும்போது அவள் பங்கு குறையாது. நான் வயிற்றில் இருந்தபோது அம்மா ஏழாம் மாதம் வரை அப்படி நட்டிருக்கிறாள். இதை ரொம்பவும் இனிப்பாகச் சொல்லிவிட எனக்கு மனமில்லை. எப்போதும் பின்தங்குகிற ஒருத்தியை அடுத்த வருடம் கூப்பிடாமல் விட்டதும் உண்டு, அதையும் அம்மாவே சொல்லியிருக்கிறாள். இப்போது அந்தக் கூட்டமே இல்லை. நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் வந்துவிட்டன. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்தாலும் எங்கள் தெருவில் யாரும் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு கிளம்புவதில்லை.

அவர்களில் பலர் பிறகு நூறு நாள் வேலைக்குப் போனார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதை அம்மா கையில் வாங்கிப் பார்த்தது அங்கேதான். தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போகிறவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். அதனாலேயோ என்னவோ, மர நிழலில் உட்கார்ந்து கதை பேசிவிட்டுக் காசு வாங்குகிறார்கள் என்ற பேச்சு டீக்கடை தோறும் உண்டு. எங்கள் ஆபீஸிலும் உண்டு. நாலு மணி டீயின்போது கிரிக்கெட்டுக்கு அடுத்தபடியாக அதைத்தான் பேசுவார்கள். டீ குடித்துக்கொண்டே.

2021இல் அந்த வேலைக்குச் செல்போன் வருகைப் பதிவு வந்தது. 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கினார்கள். வேலையிடத்தில் நிற்கவைத்து ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும். வெட்ட வேண்டிய அளவை வெயில் ஏறுமுன் வெட்டி முடித்தவர்கள்கூட இரண்டாவது படத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. நாடு முழுக்கப் பெண்கள் இதைச் சொல்லிப் போராடினார்கள். சீக்கிரம் முடித்துவிட்டுச் சமைக்கவோ ஆட்டைப் பிடித்துக் கட்டவோ போகலாம் என்றால் முடியாது. உட்கார்ந்து காசு வாங்குகிறார்கள் என்று ஏசியவர்கள், வேலை முடிந்தவர்களையும் உட்காரவைத்தார்கள்.

நான் ஏன் ஆறு மணிக்குக் கிளம்புகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு இருபதுக்கு ஒரு டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து அதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதை விட்டால் அடுத்தது ஏழே முக்காலுக்கு. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு என்று ஒவ்வொரு பாலமாகத் தாண்டி இறங்கி நடந்தால் ஏழு மணிக்கு வீடு. மகளுக்குப் பத்தாம் வகுப்பு. அம்மாவுக்கு முதுகு நிமிராது, அது நடவு கொடுத்தது. அடுப்பு என்னுடையது. 2019இல் ஒன்றிய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று எடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக அதில் வந்தது. அந்த 97 நிமிடமும் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு. கை வைத்தவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர்.

எங்கள் தம்பி இரவு ஒன்பதரைக்கு வீட்டுக்குப் போனால் தட்டில் சூடாக ஏதாவது இருக்கும். காலையில் டிபன் பாக்ஸ் தயாராக இருக்கும். அவர் மனைவி ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை, அவளும் வேலைக்குப் போகிறவள்தான். தம்பியின் பன்னிரண்டு மணி நேரத்தில் எவ்வளவு அவளுடையது என்று எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிய என் பாட்டியின் நினைவு எனக்கு இந்த இடத்தில்தான் வருகிறது.

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் அதை 90 ஆக்கி, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்ற பொருளில் பேசிய வீடியோ வந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அன்று முழுக்க அதுதான். கணவனைப் பார்த்துக்கொண்டிருக்கப் பெண்ணுக்கு நேரம் இருக்கிறதா என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் கற்பனையில் வேலைக்குப் போகிறவர் எல்லோருமே கணவர்கள். தமிழ்நாட்டிலேயே 2023 ஏப்ரல் 21ஆம் தேதி தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்று நாளில் நிறுத்திவைத்தார்கள், மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு வருடம். அது தொழிற்சாலைக்கான மசோதா, எங்களைப் போன்ற அலுவலகங்களுக்கு அல்ல. இருந்தாலும் அந்தப் பத்து நாளும் நாங்கள் செய்தியை விடாமல் பார்த்தோம்.

பெண்கள் எல்லோரும் ஆறு மணிக்குக் கிளம்பத் துடிக்கிறோம் என்று எழுதினால் அது பொய். என் மேசைக்கு எதிரே ஒரு அக்கா, ஐம்பதை நெருங்குகிறார். எட்டு மணி வரை இருப்பார். ஒருநாள் காரணம் கேட்டேன். "ஆறு மணிக்குப் போனா அடுப்பு என் தலையில. எட்டு மணிக்குப் போனா மாமியார் தோசை சுட்டு வெச்சிருப்பாங்க. நான் எதுக்கு ஆறுக்குப் போகணும், சொல்லு?" என்றார். நான் வாயடைத்துப்போனேன். அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் கோப்பு பார்க்கிறார், இடையில் யூடியூபில் பழைய பாட்டு கேட்கிறார். வாழ்க்கையில் அவருக்கென்று கிடைத்த நேரம் அது. கம்பெனிக்கும் அது இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே தோசை சுடுகிறவளும் இன்னொரு பெண் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை.

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் ஒரு பெண்ணும் அப்படித்தான். அறைக்கு ஆறு பேர், மின்விசிறி ஒன்று. ஆபீஸில் ஏசி இருக்கிறது. "அக்கா, நீங்க எல்லாரும் ஆறு மணிக்குப் போயிட்டீங்கன்னா பொண்ணுங்கன்னா இப்படித்தான்னு சொல்றாங்க. நான் அப்படி இல்லன்னு காட்டணும்ல" என்று ஒருமுறை சொன்னாள். கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன். இருபத்து மூன்று வயதில் நானும் அப்படித்தான் பேசியிருப்பேன்.

வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன் 1967இல் தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்தில் கடிகாரம் எப்படி வேலையைப் பிடித்துக்கொண்டது என்று ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முன்பு வேலை முடிவதை வைத்து நாள் முடிந்தது, பிறகு மணியை வைத்து முடிந்தது என்பது அதன் சாரம். அதில் போகிறபோக்கில் அவர் சொல்லும் ஒன்று எனக்குப் பிடிக்கும். சிறு குழந்தை வைத்திருக்கும் தாயின் நேரம் கடிகாரத்துக்கு முழுதாக அடங்கவே இல்லை என்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன்பு எங்கள் ஆபீஸில் அதைக் கண்ணால் பார்த்தோம்.

அந்த வருடம் கணினிகளில் ஒரு மென்பொருள் போட்டார்கள். மவுஸ் நகராமல், விசை தட்டாமல் ஐந்து நிமிடம் இருந்தால் அது 'ஐடில்' என்று எழுதிக்கொள்ளும். மாலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு வரும். வேலை செய்த நேரம் பச்சை, சும்மா இருந்த நேரம் சிவப்பு. கீழே போய் டீ குடிப்பவர்கள் கொஞ்ச நாளில் ஒரு உபாயம் கண்டுபிடித்தார்கள். மவுஸைத் தானாக அசைத்துக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பொருள் ஆன்லைனில் விற்கிறது. ஆளில்லாத நாற்காலியின் முன்னால் மவுஸ் ஆடிக்கொண்டிருக்கும், கோடு முழுக்கப் பச்சையாக இருக்கும்.

அப்போது எங்களோடு இருந்த ஒருத்தி 26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்து திரும்பியிருந்தாள். குழந்தை பூதலூரில் அவள் அம்மாவிடம். மார்பு கட்டிக்கொள்ளும். காலையில் ஒருமுறை, மதியத்துக்கு மேல் ஒருமுறை பேப்பர் பெட்டிகள் அடுக்கியிருந்த ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு பாலைப் பீய்ச்சிப் புட்டியில் எடுத்துக்கொண்டு வருவாள். அவள் கோட்டில் தினமும் இரண்டு சிவப்புக் கட்டங்கள். ஒரு மாதம் கழித்து அவளுக்கு மட்டும் மின்னஞ்சல் வந்தது, ஐடில் நேரம் அதிகமாக இருக்கிறது, விளக்கம் தரவும் என்று. அவள் கோப்புக் கணக்கில் ஒரு குறையும் இல்லை. விளக்கத்தில் என்ன எழுதுவது என்று கேட்டு என் மேசைக்கு வந்து நின்றாள். "பால் எடுத்தேன்னு எழுதவா அக்கா? அது ஆம்பளைங்க படிப்பாங்களே."

நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து எழுதினோம். 1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பலன்கள் சட்டத்தில் 11ஆம் பிரிவு. வேலைக்குத் திரும்பிய தாய்க்கு, வழக்கமான இடைவேளைகள் போக, குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை ஒரு நாளில் இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை தர வேண்டும். 2017இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று சேர்த்தார்கள். எங்கள் ஆபீஸில் அத்தனை பேர் இல்லை, அதனால் காப்பகத்தைக் கேட்க முடியாது. இடைவேளையைக் கேட்கலாம். பால் என்ற சொல்லை அப்படியே எழுதினோம். எட்டு மணி வரை உட்காரும் அக்காவும் கையெழுத்துப் போட்டார். விடுதிப் பெண் ஒரு நாள் யோசித்துவிட்டு மறுநாள் வந்து போட்டாள்.

மேலாளருக்கு வருத்தம். "சட்டமெல்லாம் எதுக்கு மேடம் இழுக்கறீங்க? நாம ஒரு ஃபேமிலி மாதிரிதானே இருக்கோம், வாயால சொல்லியிருந்தா போதாதா" என்றார். வாயால் சொல்லியிருந்தால் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. எழுத்தில் கொடுத்ததும் பத்து நாளில் மென்பொருளில் புதிதாக ஒரு கட்டம் வந்தது. 'பெர்சனல்' என்று பெயர், சாம்பல் நிறம். ஸ்டோர் ரூமில் பெட்டிகளை ஒதுக்கி ஒரு நாற்காலியும் மின்விசிறியும் போட்டார்கள். மவுஸ் ஆட்டும் பொருளைப் பற்றி நாங்கள் கடிதத்தில் எழுதவில்லை. எழுதலாமா என்று பேச்சு வந்தது. பக்கத்து மேசைக்காரிதான் வேண்டாம் என்றாள், நம் சிவப்பை அழிக்க இன்னொருவருக்குச் சிவப்பு போட வேண்டுமா என்று.

மார்ச்சில் அந்தப் பெண்ணுக்குச் சம்பள உயர்வு வரவில்லை. காரணம் கேட்டதற்கு வருடத்தில் பாதி நாள் விடுப்பில் இருந்ததால் கணக்கிடப் போதிய வேலை இல்லை என்றார்கள். ஆறு மாதம் கழித்து அவள் திருச்சியில் வேறு வேலைக்குப் போய்விட்டாள். அங்கே வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. பாதி நிம்மதி அக்கா, பாதி நேரம் மடியில குழந்தையோடதான் கோப்பு பார்க்கிறேன் என்று போனில் சொன்னாள்.

ஸ்டோர் ரூம் நாற்காலி இன்னும் இருக்கிறது. மாதவிடாய் வலி தாங்காதவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்து வருகிறார்கள், சாம்பல் நிறத்தில். இந்த வருடப் படிவத்தில் 'கமிட்மென்ட்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'அவைலபிலிட்டி' என்று போட்டிருக்கிறார்கள். எத்தனை மணி நேரம் கிடைப்பீர்கள் என்று நாமே நிரப்ப வேண்டும். விடுதிப் பெண் என்னிடம் வந்து, எவ்வளவு போடட்டும் அக்கா என்று கேட்டாள். நான் என் படிவத்தைக் காட்டினேன். ஒன்பதரை முதல் ஆறு வரை என்று எழுதி, கீழே நியமனக் கடிதத்தின் நகலை ஊசி போட்டுக் கோத்திருந்தேன். அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் கடிதம் ஊரில் பெட்டியில் இருக்கிறது, இந்த ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்துவருகிறேன் என்றாள்.